நாடி நின்றது, இதயம் நிற்கவில்லை

திருவிழாக் கூட்டம். நடுவில் ஒரு யோகி உட்கார்ந்திருக்கிறார். கண்களை மூடுகிறார். மூச்சை இழுத்து உள்ளே அடக்குகிறார். கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னே வருகிறார். யோகியின் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்க்கிறார். நாடி இல்லை! மார்பில் காதை வைத்துக் கேட்கிறார். சத்தமும் இல்லை!

"இதயத்தையே நிறுத்திவிட்டார்" என்று கூட்டம் வியக்கிறது.

இந்தியாவின் பல ஊர்களில் இப்படிப்பட்ட காட்சிகள் நடந்திருக்கின்றன. பார்த்தவர்களில் சிலர் கைகூப்பினார்கள். சிலர் "எல்லாம் ஏமாற்று" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கைகூப்பியவர்களும் சோதித்துப் பார்க்கவில்லை. சிரித்தவர்களும் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களின் கதை இது.

யோகியைத் தேடி வந்த கருவிகள்

மகாராஷ்டிரத்தில் பூனா நகருக்கு அருகே லோனாவ்லா என்ற ஊர் இருக்கிறது. 1924-ஆம் ஆண்டு அங்கே சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார். மற்ற ஆசிரமங்களில் விளக்கும் மணியும் இருக்கும். இங்கே அவற்றோடு சோதனைக் கருவிகளும் இருந்தன. யோகப் பயிற்சியின்போது வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். காற்றின் அழுத்தத்தை அளந்தார். அளந்ததை எழுதி வெளியிட அதே ஆண்டில் ஒரு பத்திரிகையையும் தொடங்கினார். அதன் பெயர் 'யோக மீமாம்சா'. யோகத்தின் மேல் அவருக்கு மிகுந்த பற்று உண்டு. இருந்தாலும் அளக்காமல் பேச அவர் விரும்பவில்லை.

1935-ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து தெரேஸ் பிராஸ் என்ற பெண் டாக்டர் இந்தியாவுக்கு வந்தார். அவர் இதய நோய் மருத்துவர். தம்மோடு இ.சி.ஜி. கருவியைக் கொண்டுவந்தார்.

இ.சி.ஜி. என்றால் என்ன? இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. கைகால்களிலும் மார்பிலும் கம்பிகளை ஒட்டி அந்த மின்சாரத்தை அளக்கலாம். கருவி அதைத் தாளில் கோடாக வரையும். துடிப்பு இருந்தால் கோடு மேலும் கீழும் ஏறி இறங்கும். துடிப்பு நின்றால் கோடு நேராகப் போகும்.

பிராஸ் அம்மையார் சில யோகிகளைச் சோதித்தார். ஒருவருடைய தாளில் சில விநாடிகள் கோடு மிகவும் சிறுத்துவிட்டது. ஏறக்குறைய நேர்கோடு போலத் தெரிந்தது. யோகி இதயத்தைக் கட்டுப்படுத்துகிறார் என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. 1957-ஆம் ஆண்டு வெங்கர் என்ற அமெரிக்க அறிஞர் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு பாக்சி என்ற வங்காளியும் வந்தார். பாக்சி இளமையில் சந்நியாசியாக இருந்தவர். பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மூளையின் மின் அலைகளை ஆராய்ந்தார். டெல்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் ஆனந்த் இவர்களோடு சேர்ந்துகொண்டார்.

இதயத்தையோ நாடியையோ கட்டுப்படுத்த முடியும் என்று சொன்ன நான்கு பேரை மூவரும் சோதித்தார்கள். அவர்களில் ஒருவர் சென்னையில் வாழ்ந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார். பிராஸ் அம்மையார் முன்பு சோதித்தவர் அவர்தான். இப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த வயதில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் பெயர் ஏற்கனவே பெரிய பெயர். சோதனையில் குறைந்துபோனால் இழப்பு அவருக்குத்தான். இருந்தும் உட்கார்ந்தார். இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

இந்த முறை ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஒரு கம்பியை நம்பவில்லை. உடம்பில் பல இடங்களில் கம்பிகளை ஒட்டினார்கள். விரலில் ஓடும் ரத்தத்தைத் தனியாக அளந்தார்கள். மூச்சையும் அளந்தார்கள். இதயத்தின் சத்தத்தையும் கேட்டார்கள்.

யோகி மூச்சை அடக்கினார். வயிற்றையும் மார்பையும் இறுக்கினார். மணிக்கட்டில் நாடி மறைந்தது. மார்பில் சத்தமும் மறைந்தது. இதுவரை திருவிழாவில் பார்த்ததேதான்.

ஆனால் இ.சி.ஜி. தாளில் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இதயம் நிற்கவில்லை!

பிறகு நாடி ஏன் மறைந்தது?

கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடுகிறது. ஆனால் கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது. குழாய் வாயில் தண்ணீர் விழவில்லை. வாய்க்காலில் நிற்பவர் "மோட்டார் நின்றுவிட்டது" என்று கத்துவார். மோட்டார் அறையில் நிற்பவருக்கு ஓடும் சத்தம் கேட்கும்.

இதயமும் ஒரு பம்புதான். உடம்பிலிருந்து ரத்தம் திரும்பி வந்தால்தான் அது வெளியே தள்ள முடியும். மூச்சை அடக்கி மார்பை இறுக்கும்போது, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள் நசுங்குகின்றன. இதயத்துக்குள் வரும் ரத்தம் குறைகிறது. எனவே வெளியே போகும் ரத்தமும் குறைகிறது. மணிக்கட்டில் நாடி விரலுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துவிடுகிறது. மார்பை இறுக்குவதால் இதயத்தின் சத்தமும் அமுங்கிவிடுகிறது.

1935-இல் கோடு சிறுத்தது ஏன் என்பதும் இப்போது விளங்கியது. மார்பை இறுக்கும்போது இதயம் சற்றுச் சாய்கிறது. அப்போது ஒரு கம்பியில் மின்சாரம் குறைவாகத் தெரியும். வேறு இடத்தில் உள்ள கம்பியில் நன்றாகத் தெரியும். ஒரு ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை என்று தோன்றும். மறு ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆள் அடுப்படியில் இருப்பார்!

அப்படியானால் எல்லாம் பொய்யா? இல்லை. நான்காவது ஆள் இதயத்தை நிறுத்தவில்லை. ஆனால் துடிப்பை உண்மையிலேயே வெகுவாகக் குறைத்துக் காட்டினார். மற்ற மூவரிலும் யாரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. நாடி உண்மையிலேயே மறைந்ததே! "நாடி மறைந்தது" என்பது கண்டது. "இதயம் நின்றது" என்பது கண்டதிலிருந்து ஊகித்தது. ஊகம்தான் தவறிப்போனது. இந்த ஆய்வு 1961-ஆம் ஆண்டு வெளியானது.

மணிக்கட்டு நாடியை மறைக்க யோகம்கூடத் தேவையில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை அக்குளில் வைத்துக் கையை இறுக்கினால் போதும். அந்தக் கையில் நாடி தெரியாமல் போகும். அறிவியல் இயக்கத்தார் கிராமம் கிராமமாக இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் மூச்சை அடக்கி மார்பை இறுக்கும் வித்தையை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. இதய நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

பனிநீரில் கை

அதே 1961-ஆம் ஆண்டு பேராசிரியர் ஆனந்தும் அவருடைய கூட்டாளிகளும் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்த முறை இதயம் இல்லை, மூளை.

கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது மூளையில் ஒருவகை மின் அலை உண்டாகும். அதற்கு ஆல்ஃபா அலை என்று பெயர். திடீரென்று பட்டாசு வெடித்தால் அந்த அலை கலைந்துவிடும். எல்லோருக்கும் இப்படித்தான்.

தியானத்தில் இருந்த யோகிகளுக்கு முன்னால் பளிச்சென்று விளக்கு காட்டினார்கள். பெரிய சத்தம் எழுப்பினார்கள். சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டார்கள். அலை கலையவில்லை. அதே யோகிகள் தியானத்தில் இல்லாதபோது இதையே செய்தார்கள். அலை கலைந்தது.

வேறு இரண்டு யோகிகள் பனிக்கட்டி போலக் குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்தார்கள். அதன் வெப்பம் 4 டிகிரிதான். சாதாரண ஆளுக்கு ஓரிரு நிமிடத்தில் கை கடுக்கும். அவர்கள் 45 நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். அலை கலையவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தியானத்தில் இருக்கும் யோகியை ஆராய்ச்சியாளர்கள் யாரோடு ஒப்பிட்டார்கள்? தியானத்தில் இல்லாத அதே யோகியோடு ஒப்பிட்டார்கள். ஆள் ஒன்றுதான், மூளை ஒன்றுதான். மாறியது தியானம் மட்டும். ஆகவே அலை கலையாததற்குத் தியானம் காரணம் என்று சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் சிலரே. அவர்கள் பல ஆண்டுகள் பழகியவர்கள். வயலில் வேலை செய்துவிட்டு வரும் ஒருவர் மாலையில் பத்து நிமிடம் கண்ணை மூடினால் என்ன ஆகும்? அதற்கு இந்த ஆய்வில் பதில் இல்லை.

ரத்தக்கொதிப்பும் ஒரு பெண் டாக்டரும்

இங்கிலாந்தில் சந்திரா பட்டேல் என்ற பெண் டாக்டர் இருந்தார். அவர் இந்திய வம்சத்தைச் சேர்ந்தவர். அவரிடம் ரத்தக்கொதிப்பு நோயாளிகள் பலர் வந்தார்கள்.

ரத்தக்கொதிப்பை இரண்டு எண்களால் சொல்வார்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் எண். இதயம் ஓய்வாக இருக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். 120-க்கு 80 என்பது சரியான அளவு. 140-க்கு 90-ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த நோய் வலிக்காது, காய்ச்சல் வராது. சத்தமில்லாமல் இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். திடீரென்று ஒருநாள் கைகால் விழுந்துவிடும்.

பட்டேல் தம் நோயாளிகளுக்கு உடலைத் தளர்த்தி மூச்சைக் கவனிக்கும் யோகப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைச் சத்தத்தால் காட்டும் ஒரு கருவியையும் கொடுத்தார். 1973-ஆம் ஆண்டு 20 பேரைப் பற்றி எழுதினார். பலருக்கு ரத்தக்கொதிப்பு குறைந்திருந்தது. சிலருக்கு மாத்திரையும் குறைந்தது.

நல்ல செய்திதான். ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. பயிற்சி இல்லாமலே குறைந்திருந்தால்?

அப்படிக் குறையுமா? குறையும். முதல்நாள் ஆஸ்பத்திரிக்கு வருபவருக்குப் பயம் இருக்கும். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். எண் ஏறும். நாலு தடவை வந்து பழகியபின் பயம் போய்விடும். எண் இறங்கும். டாக்டர் அன்பாக அரை மணி நேரம் பேசினாலே சிலருக்கு இறங்கும். சளி பிடித்தவர் பேருந்து நிலையத்தில் விற்கும் பொடியை வாங்கித் தின்கிறார். ஒரு வாரத்தில் சளி போகிறது. தின்னாத அடுத்த வீட்டுக்காரருக்கும் ஒரு வாரத்தில்தான் போகிறது. பொடி விற்றவர் அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிப் பேசவே மாட்டார்.

பட்டேல் அடுத்த வீட்டுக்காரரையும் கணக்கில் எடுத்தார். முதலில், தம் நோயாளிகளின் வயதும் மற்ற விவரங்களும் ஒத்த வேறு 20 பேரைப் பார்த்தார். அதுவும் போதவில்லை. யார் எந்தக் குழுவில் சேர வேண்டும் என்பதை டாக்டரே முடிவு செய்தால் என்ன ஆகும்? குணமாகக்கூடியவர் போலத் தெரிபவரைத் தம்மை அறியாமலே நல்ல குழுவில் சேர்த்துவிடலாம்.

இதற்கு வழி குலுக்கல். சீட்டுப் பிடிப்பவர்களுக்கு இது புதிதில்லை. சீட்டு எடுப்பவர் பெயரைப் பார்த்து எடுத்தால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? கண்ணை மூடித்தான் எடுக்க வேண்டும். சோதனையிலும் அப்படியே. குலுக்கிப் பிரித்தால் முதியவரும் இளையவரும், கவலைப்படுபவரும் கவலைப்படாதவரும் இரண்டு குழுவிலும் கலந்து விழுவார்கள்.

குலுக்கலால் பிரித்துச் சோதிக்கும் இந்த முறை வயலில் பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். எந்த உரம் நல்லது என்று இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1920-களில் சோதித்தார்கள். வாய்க்கால் தலைப்பில் உள்ள பாத்திக்கு ஒரு உரம், கடைமடைப் பாத்திக்கு வேறு உரம் போட்டால் என்ன தெரியும்? விளைந்தது உரத்தாலா, தண்ணீராலா? விவசாயிக்கு இது சொல்லாமலே புரியும். அங்கே பணிபுரிந்த ஃபிஷர் என்ற கணக்கு அறிஞர் பாத்திகளைக் குலுக்கிப் போட்டு உரம் இடச் சொன்னார். பின்னாளில் மருத்துவர்கள் இந்த வழியைப் பயிரிலிருந்து மனிதருக்குக் கொண்டுவந்தார்கள்.

பட்டேலும் அவருடன் பணிபுரிந்த நார்த்தும் 1975-ஆம் ஆண்டு தங்கள் சோதனையை வெளியிட்டார்கள். நோயாளிகள் 34 பேர். குலுக்கலால் இரண்டு குழுக்கள். ஒரு குழுவுக்கு யோக ஓய்வுப் பயிற்சி. மறு குழுவும் டாக்டரிடம் வந்தது, அதே நேரம் ஓய்வாக இருந்தது. ஆனால் யோகப் பயிற்சி சொல்லித் தரவில்லை. ஆறு வாரம் நடந்தது.

பயிற்சிக் குழுவின் சராசரி 168-க்கு 100 என்று இருந்தது. அது 141-க்கு 84 ஆனது. மறு குழுவின் சராசரி 169-க்கு 101. அது 160-க்கு 96 ஆனது.

கழித்துப் பாருங்கள். பயிற்சிக் குழுவுக்கு மேல் எண் 27 குறைந்தது. மறு குழுவுக்கும் 9 குறைந்தது. பயிற்சி இல்லாமலே 9! அப்படியானால் பயிற்சியின் பங்கு 27 அல்ல. 27-இல் 9 போனால் 18. மறு குழு இல்லாமல் போயிருந்தால் அந்த 9-ம் யோகத்தின் கணக்கில் சேர்ந்திருக்கும். கீழ் எண்ணையும் இப்படியே கணக்குப் போடலாம். 16-இல் 5 போனால் 11.

பிறகு மறு குழுவுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கும் முதல் குழுவின் அளவுக்கு இறங்கியது. நியாயமான செயல் இது. காத்திருந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. ஆய்வும் வலுப்பெற்றது.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. 1990-ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டில் செய்த ஓர் ஆய்வு வெளியானது. லேசான ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். அவர்கள் உடம்பிலேயே கருவியைக் கட்டி, இரவும் பகலும் 24 மணி நேரமும் அளந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். ஓய்வுப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

எது சரி? இரண்டும் ஒழுங்காகச் செய்த சோதனைகள்தான். ஒன்றில் நோய் அதிகம், மற்றதில் குறைவு. ஒன்றில் டாக்டர் அறையில் அளந்தார்கள், மற்றதில் நாள் முழுவதும் அளந்தார்கள். ஒரு சோதனையை வைத்து ஊரைக் கூட்டிப் பேசக் கூடாது என்பதற்கு இதுவே உதாரணம். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. தியானம் பற்றிய 47 சோதனைகள். அவற்றில் கலந்துகொண்டவர்கள் 3,515 பேர். மனக்கவலை, மனச்சோர்வு, உடல்வலி ஆகியவற்றுக்குத் தியானம் ஓரளவு உதவுகிறது என்று தெரிந்தது. ஆனால் உடற்பயிற்சியையோ மருந்தையோ விடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

ஓரளவு உதவுகிறது. இந்தச் சொல்லில் மேடைக்காரர்களுக்கு ருசி இல்லை. "நாற்பது நாளில் மாத்திரையே வேண்டாம்" என்பவரிடம்தான் கூட்டம் சேருகிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை நிறுத்திய அன்று ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஆகாது. "பார்த்தாயா, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அவர் சொல்வார். முன்பே சொன்னபடி இந்த நோய் சத்தமில்லாமல் வேலை செய்யும். தியானம் செய்ய விரும்பினால் மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டும். எண் இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதா என்பதை டாக்டர் சொல்வார்.

வீட்டில் ஒரு சோதனை

பெரிய கருவி இல்லாமல், காசு செலவில்லாமல் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வேண்டியவை ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு நாணயம், விநாடி காட்டும் கடிகாரம். செல்போனிலும் விநாடி தெரியும்.

கேள்வி இதுதான். பத்து நிமிடத் தியானம் நாடித்துடிப்பைக் குறைக்கிறதா? சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அதிகமாகக் குறைக்கிறதா?

முதலில் நாடி பார்க்கப் பழக வேண்டும். உள்ளங்கையை மேலே திருப்புங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். அதிலும் துடிப்பு உண்டு, குழப்பும். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60-லிருந்து 100 வரை இருப்பது வழக்கம்.

அடுத்தது தியானம். இதற்கு மந்திரம் வாங்க வேண்டியதில்லை. எந்த மதத்தவரும் செய்யலாம். முதுகு நிமிர்ந்து வசதியாக உட்காருங்கள். கண்களை மூடுங்கள். நெற்றி, தாடை, தோள், கை, வயிறு, கால் என்று ஒவ்வொன்றாகத் தளர விடுங்கள். மூச்சு வந்து போவதைக் கவனியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறை மூச்சு வெளியே போகும்போதும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்து வந்ததும் மறுபடியும் ஒன்று. ரேஷன் கடை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், நேற்றைய சண்டை எல்லாம் நினைவுக்கு வரும். வரத்தான் செய்யும். தப்பில்லை. நினைவு வந்ததும் எண்ணிக்கைக்குத் திரும்பினால் போதும். தியானத்தில் மனம் கலங்கினாலோ பயமோ அழுகையோ மிகுந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இப்போது சோதனை. இருபது நாள் நடக்கட்டும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். அதற்கு அரை மணி முன்பிருந்து டீ, காப்பி, பீடி, வெற்றிலைப் புகையிலை வேண்டாம்.

நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் தியானம். பூ விழுந்தால் அதே இடத்தில் கண்களைத் திறந்து பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். மனம் போல மாற்றிக்கொள்ளக் கூடாது. "இன்று மனசு சரியில்லை, தியானம் வேண்டாம்" என்று நீங்களே முடிவு செய்தால் நல்ல நாட்கள் எல்லாம் தியானப் பக்கம் சேர்ந்துவிடும். நாணயத்துக்கு உங்கள் மனசு தெரியாது. அதனால்தான் நாணயம்.

உட்காரும் முன் நாடியை எண்ணுங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் எண்ணுங்கள். வேறொருவர் எண்ணினால் இன்னும் நல்லது. மகளோ வீட்டுக்காரரோ எண்ணலாம். இன்று தலையா பூவா என்று அவருக்குச் சொல்லக் கூடாது. தெரிந்தால், தியான நாளில் அவரை அறியாமலே ஒன்றிரண்டு குறைத்து எண்ணிவிடுவார். பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல, நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசையால்.

நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். தேதி. தலையா பூவா. முன்பு எத்தனை. பின்பு எத்தனை. குறைவு எத்தனை. உதாரணமாக இப்படி: "3-ஆம் நாள். தலை. முன் 82. பின் 76. குறைவு 6." எண் குறையாமல் ஏறியிருந்தால் அதையும் எழுதுங்கள். பிடிக்காத நாளைக் கிழித்துப் போட்டால் சோதனை அன்றே செத்தது. எழுதாமல் நினைவில் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். இருபது நாள் கழித்து நல்ல நாட்கள்தான் நினைவில் நிற்கும். பென்சிலுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது.

இருபது நாள் முடிந்ததும் கணக்கு. தலை விழுந்த நாட்களின் குறைவுகளை எல்லாம் கூட்டுங்கள். தலை விழுந்த நாட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். பூ நாட்களுக்கும் அப்படியே.

ஒரு வீட்டில் தலை 11 நாள் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். குறைவுகளின் கூட்டு 66. வகுத்தால் 6. பூ 9 நாள். கூட்டு 45. வகுத்தால் 5. வித்தியாசம் 1. தியானம் வென்றுவிட்டதா? அவசரம் வேண்டாம். நோட்டைப் புரட்டிப் பாருங்கள். தலை நாட்களிலேயே ஒருநாள் 2 குறைந்திருக்கும், ஒருநாள் 11 குறைந்திருக்கும். நாளுக்கு நாள் இவ்வளவு ஏறி இறங்கும்போது 1 என்ற வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். வித்தியாசம் பெரிதாக இருந்து, இன்னும் இருபது நாள் செய்தாலும் அப்படியே வந்தால், நம்ப இடம் உண்டு.

வித்தியாசம் வராமலும் போகலாம். அப்போதும் ஒன்று தெரிந்திருக்கும். உங்கள் உடம்புக்குச் சும்மா உட்காரும் பத்து நிமிடமே போதும். காலையில் எழுந்து இரவு படுக்கும்வரை ஓடும் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதே பெரிய காரியம்.

பக்கத்து வீட்டாருக்கு வேறு விடை வரலாம். அவர் உடம்பு வேறு. மையத்தில் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் பத்து நோட்டுகளையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்க்கலாம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது நோட்டைக் கையில் எடுத்துப் போகலாம். எண்ணிய நாடியையும் சாப்பிட்ட மாத்திரையையும் தேதியோடு எழுதிக் கொண்டுவரும் நோயாளியிடம் டாக்டருக்குக் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி குறைந்துவிடும்.